கடலூர்க் கரையில் ஒரு கால்பந்து கிளப்

அடி அண்ணாமலையில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்புறமாக ஒதுங்கியிருக்கும் அந்தக் கிராமத்திலிருந்து வங்காள விரிகுடா 100 கிலோ மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களில் கடலையே பார்க்காத கிழவர்களும் உண்டு. அவர்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் சாத்தனூர் அணைத் தண்ணீர்தான்.

ஆனால் அந்தச் சாத்தனூர்த் தண்ணீர் எங்கே போகிறது? அணை 1958ல் கட்டி முடிக்கப்பட்டது. அதைத் தாண்டி வரும் தென்பெண்ணை, திருக்கோவலூர் வழியாக ஓடிக் கடலூருக்கு வடக்கே, தாழங்குடா என்ற மீனவர் கிராமத்தின் அருகே கடலில் கலக்கிறது. அண்ணாமலை ஜில்லாவில் பெய்த மழை கடலூரில் போய் முடிகிறது. 2024ஆம் வருஷம் டிசம்பர் மாதம் பெஞ்சல் புயல் வந்தபோது இந்த உறவு எல்லோருக்கும் புரிந்தது. டிசம்பர் 1ந் தேதி மாலை திருவண்ணாமலையில் மலைச் சரிவு உருண்டு, குழந்தைகள் ஐந்து பேர் உள்பட 7 பேரைப் பலி கொண்டது. மறுநாள் விடிவதற்குள் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடித் தண்ணீர் திறந்து விடப்பட்டது. அது கடலூரின் தெருக்களுக்குள் புகுந்தது. ஒரே புயல், மேட்டில் மண்ணும் பாறையும், பள்ளத்தில் வெள்ளமும்.

கடலூருக்கு இது புதிதல்ல. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்து பண்ருட்டிப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. 2015ல் வெள்ளம். எல்லாவற்றுக்கும் மேலாக 2004ல் சுனாமி. "கடலூர் என்றால் நிவாரணம்" என்று உத்தியோகஸ்தர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அந்த ஊரின் பெயர் பத்திரிகைகளில் துன்பச் செய்தியாகவே வந்து கொண்டிருந்தது.

அந்த ஊரின் பெயர் வேறொரு காரணத்துக்காகவும் பத்திரிகைகளில் வரத் தொடங்கியது. அது கால்பந்து. அதிலும் பெண்களின் கால்பந்து.

பௌர்ணமி நாள்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. திருவண்ணாமலையில் கிரிவலத்துக்கு ஜனங்கள் திரண்டு கொண்டிருந்த நாள். அன்று காலை எட்டரை மணிக்குப் பிறகு கடல் எழுந்து வந்தது. தமிழ்நாட்டில் மாண்டவர்கள் சுமார் 8,000 பேர். நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000க்கு மேல். அடுத்தபடியாக அடிபட்ட ஜில்லாக்களில் கடலூர் ஒன்று. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், தாழங்குடா என்று வரிசையாகக் குப்பங்கள் சூறையாடப்பட்டன. 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

போனவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். காரணம் உண்டு. ஆழ்கடலில் படகில் இருந்தவனுக்கு அந்த அலை ஒரு மேடு போலத்தான் தெரிந்தது. கரையில் மீன் கூடைக்குக் காத்திருந்தவளையும், மணலில் விளையாடிய பிள்ளையையும்தான் அது வாரிக்கொண்டு போயிற்று. மாலையில் கரை திரும்பியவர்களுக்கு வீடு இல்லை. வீட்டில் இருந்தவர்களும் இல்லை.

அப்போது கடலூர்க் கலெக்டராக இருந்தவர் ககன்தீப் சிங் பேடி. நிவாரண வேலையில் அவர் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. வீடு கட்டுவது, படகு வாங்குவது, வலை கொடுப்பது ஆகியவை ஒருபுறம் நடந்தன. மறுபுறம் தாய் தந்தையை இழந்த குழந்தைகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. எங்கிருந்தோ வந்தவர்கள் குழந்தைகளைத் தத்து எடுக்கிறோம் என்று கேட்டு நின்றார்கள். அவசரப்பட்டுக் கொடுத்து விட்டால் யார் கையில் போகுமோ என்ற பயம் சர்க்காருக்கு இருந்தது. ஆகவே நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி ஆகிய மூன்று ஜில்லாக்களில் சர்க்காரே குழந்தைகளுக்கான இல்லங்களைத் திறந்தது.

இந்த இல்லங்களைப் பற்றிப் பலர் நல்லதும் எழுதியிருக்கிறார்கள், குறையும் எழுதியிருக்கிறார்கள். சோறு உண்டு, படிப்பு உண்டு, படுக்க இடம் உண்டு. சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, இருட்டும் வரை என்ன செய்வது? அந்த இரண்டு மணி நேரத்தில்தான் குழந்தைக்கு அம்மா நினைவு வரும்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பந்து பிடித்துக்கொண்டது.

பதினொரு பேர் எங்கே கிடைப்பார்கள்?

கடலூரில் இல்லத்துச் சிறுமிகளுக்குக் கால்பந்து பழக்கியவர் எஸ். மாரியப்பன் என்ற பயிற்சியாளர். அவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும்போது "சோகத்தை மறக்கப் பந்தைக் கொடுத்தார்" என்று ஒரு வரியில் முடித்து விடுவது வழக்கம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. சோகத்தை மறப்பதற்குக் கேரம் போர்டு போதும். தேசிய அளவில் ஆடக்கூடிய அணி ஒன்று அங்கே முளைத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கால்பந்துக்கு அதிகச் செலவு இல்லை என்பார்கள். ஒரு பந்து, ஒரு திடல், நான்கு கம்பு. பணக் கணக்கில் இது சரி. ஆனால் பெண்கள் ஆட்டத்துக்கு வேண்டிய பெரிய முதல் பணம் அல்ல, ஆள். ஒரே வயதில், ஒரே நேரத்தில், ஒரே திடலில், குறைந்தது பதினொரு பெண்கள் வந்து நிற்க வேண்டும். ஒரு சாதாரண ஊரில் இது நடக்கிற காரியமா? ஒருத்தி குடம் எடுத்துத் தண்ணீருக்குப் போக வேண்டும். ஒருத்திக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மீன் விற்கப் போன தாய் திரும்பும் வரை ஒருத்தி உலை வைத்து வடித்து இறக்க வேண்டும். ஒருத்தி பெரியவளாகி விட்டாள். இனிமேல் அரை நிஜார் போட்டுக்கொண்டு ஆண்கள் பார்க்க ஓடக் கூடாது என்று பாட்டி தடை போட்டு விடுவாள். ஆறு பேர் வந்தால் ஐந்து பேர் வரமாட்டார்கள். மறுநாள் அந்த ஐந்தில் மூன்று வரும், முதல் ஆறில் நான்கு நின்று விடும். பெண்கள் கால்பந்து இந்தியாவின் லட்சக்கணக்கான ஊர்களில் பிறக்காமலே போவதற்கு இதுதான் காரணம்.

இல்லத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லாப் பெண்களும் ஒரே மணிக்கு வந்து, ஒரே மணிக்குச் சாப்பிட்டு, ஒரே மணிக்கு உறங்குகிறவர்கள். தடுக்கப் பாட்டி இல்லை. அந்தக் கொடுமையே ஆட்டத்துக்கு ஒரு வசதியாக அமைந்து விட்டது என்று சொல்வதற்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான். இல்லத்துப் பெண்கள் திடலில் ஓடுவதைப் பார்த்து, தாய் தகப்பன் உள்ள பெண்களும் வந்து சேர்ந்தார்கள். "அவளை விடுகிறார்களே, என்னை ஏன் விடவில்லை?" என்று வீட்டில் கேட்பதற்கு ஒரு முன்மாதிரி கிடைத்து விட்டது.

இதே கணக்கு வேறு இடங்களிலும் சரியாக இருக்கிறது. ஹரியானாவில் பிவானி ஜில்லாவைச் சேர்ந்த அலக்புரா என்ற கிராமம் பெண்கள் கால்பந்துக்குப் பேர் போனது. பெண்களை அடக்கி வைப்பதில் பேர் போன ராஜ்யம் அது. அங்கே சர்க்கார் பள்ளிக்கூடம்தான் பதினொரு பேரை ஒன்று சேர்த்துக் கொடுத்தது. மணிப்பூரில் ஊர்தோறும் உள்ள கிளப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. கடலூரில் அது சர்க்கார் இல்லம்.

பழைய கதை ஒன்று

பெண்கள் பந்தை உதைப்பது ஏதோ புதுமோகம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு பழைய கதை. முதல் உலக யுத்தத்தின்போது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, இங்கிலாந்தில் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த பெண்கள் மதிய இடைவேளையில் பந்து ஆடத் தொடங்கினார்கள். பிரஸ்டன் நகரத்தில் டிக் கெர் கம்பெனிப் பெண்களின் அணி அவற்றில் பிரபலமானது. 1920 டிசம்பர் 26ந் தேதி லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் டிக்கெட் வாங்கினார்கள். மறு வருஷமே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: பெண்களுக்கு இந்த ஆட்டம் ஒவ்வாது, சங்கத்தைச் சேர்ந்த மைதானங்களில் அவர்களை ஆட விடக் கூடாது. அந்தத் தடை ஐம்பது வருஷம் நீடித்தது. நம் ஊர்ப் பாட்டி போட்ட தடையைத்தான் லண்டன் கனவான்களும் போட்டார்கள். அவர்கள் கடிதத்தில் போட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தியாவில் பெண்களுக்கென்று தனிச் சம்மேளனம் 1975ல் ஏற்பட்டது. அடுத்த சில வருஷங்களில் நமது பெண்கள் ஆசியப் போட்டிகளில் இரண்டு முறை, அதாவது கோழிக்கோட்டில் நடந்த போட்டியிலும் 1983லும், இரண்டாவது இடத்தைப் பிடித்தார்கள். பிறகு நிர்வாகம் அகில இந்தியச் சம்மேளனத்தின் கைக்குப் போயிற்று. தேசியச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி 1991-92ல் ஆரம்பமாயிற்று. அதில் வருஷா வருஷம் ஜெயிப்பது மணிப்பூர். எப்போதாவது வங்காளமோ ஒடிசாவோ ரயில்வேயோ குறுக்கே வரும். தமிழ்நாடு என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

2018

அந்தப் பெயர் 2018 பிப்ரவரியில் எழுதப்பட்டது. ஒடிசாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு 2-1 என்ற கணக்கில் மணிப்பூரைத் தோற்கடித்தது. மணிப்பூரைத் தோற்கடிப்பது என்றால் பம்பாயை அதன் ஊரிலேயே கிரிக்கெட்டில் தோற்கடிப்பது போல. ஜெயித்த அணியில் கடலூரில் ஆடிப் பழகிய பெண்கள் பலர் இருந்தார்கள். ஆண்கள் விஷயத்தில் இதே ஒடிசாவில் ஒரு கசப்பு உண்டு. 2012ல் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம் வரை போன தமிழ்நாட்டு ஆண்கள், ராணுவ அணியிடம் 3-2 என்ற கணக்கில் தோற்றுத் திரும்பினார்கள். ஆண்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில் பெண்கள் கோப்பையை எடுத்தார்கள்.

அதே வருஷம் மார்ச் 17ந் தேதி சென்னையின் எப்.சி. என்ற பெரிய கிளப் பெங்களூரில் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை இரண்டாம் முறையாக ஜெயித்தது. சினிமா நட்சத்திரமும் கிரிக்கெட் வீரரும் பங்கு வைத்திருக்கும் கிளப் அது. பெண்கள் ஜெயித்ததற்கும் அதற்கும் இடையே ஐந்து வாரம்கூட இல்லை. இரண்டு செய்திகளுக்கும் எத்தனை அங்குலம் இடம் கிடைத்தது என்று பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு விஷயம் விளங்கும்.

மார்ச் மாதக் கடைசியில் ஷில்லாங்கில் இந்தியப் பெண்கள் லீக் தொடங்கியது. ஏழு அணிகள். மணிப்பூரிலிருந்து இரண்டு, ஒடிசாவிலிருந்து ஒன்று, கேரளத்திலிருந்து ஒன்று, தமிழ்நாட்டிலிருந்து மதுரைக்காரர்களின் சேது எப்.சி. ஆகியவை அவற்றுள் சில. அந்த ஏழில் ஒன்று இந்திரா காந்தி விளையாட்டுக் கல்வி அகாடமி. அதுதான் கடலூர்ப் பெண்களின் கிளப். பெரிய முதலாளி கிடையாது. சினிமா நட்சத்திரம் கிடையாது. கெடிலத்தின் இக்கரையில் திருப்பாதிரிப்புலியூரும் அக்கரையில் மஞ்சக்குப்பமுமாகக் கிடக்கும் ஒரு நடுத்தர ஊரிலிருந்து, இந்தியாவின் முதல் வரிசை லீகில் ஒரு பெயர். டில்லி, கல்கத்தாவிலிருந்து அந்த வருஷம் அப்படி ஒரு பெயர் கிளம்பவில்லை.

பட்டம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட் கிளப் எடுத்துச் சென்றது. ஆனால் மறு வருஷம், 2019 மே 22ந் தேதி, லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர்ப் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்திச் சேது எப்.சி. பட்டத்தை வாங்கியது. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று பெண்கள் லீகை ஜெயித்தது அதுவே முதல் தடவை. 2023 ஜூன் மாதம் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று ஜெயித்து, தேசியப் பட்டத்தைத் தமிழ்நாடு மீண்டும் அடைந்தது.

போலீஸ் உடுப்பு

கடலூர்ப் பெண்களில் மிகப் பிரபலமானவர் இந்துமதி கதிரேசன். 1994ல் பிறந்தவர். நடு ஆட்டக்காரர். 2019ல் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசியப் பட்டம் ஜெயித்த இந்திய அணியில் ஆடியவர். அவர் தமிழ்நாடு போலீசில் சப் இன்ஸ்பெக்டர். 2020ல் கொரோனா ஊரடங்கின்போது பந்தாட்டம் எங்கும் நின்று விட்டது. மற்ற ஆட்டக்காரர்கள் வீட்டு மாடியில் உடற்பயிற்சி செய்து கொண்டிருக்கையில், இந்துமதி சென்னைத் தெருவில் லத்தியுடன் நின்று, வெளியே வருபவர்களைத் திருப்பி அனுப்பிக் கொண்டிருந்தார். சர்வதேசக் கால்பந்து வட்டாரங்களிலும் அந்தப் படம் பேசப்பட்டது. அதே ஜில்லாவைச் சேர்ந்த இன்னொருவர் சந்தியா ரங்கநாதன், முன்வரிசை ஆட்டக்காரர், அவரும் இந்தியாவுக்கு ஆடியவர்.

இந்தப் போலீஸ் உடுப்பு விஷயம் முக்கியமானது. கோப்பையைத் தூக்கிப் பிடிக்கும் படத்தை விடவும் முக்கியம் என்று கூடச் சொல்லலாம். தமிழ்நாடு சர்க்கார் உத்தியோகங்களில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. குப்பத்துப் பெண்ணின் தகப்பனுக்கு ஆப்சைடு விதி தெரியாது. தெரிந்து கொள்ளவும் ஆசை இல்லை. "பந்தை உதைத்தவள் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் போனாள்" என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியம் நூறு பயிற்சி முகாம்களுக்குச் சமம். அதற்குப் பிறகு தண்ணீர்க் குடம் தம்பியின் தலைக்கு மாறுகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. வேலை கிடைக்கும் வரைதான் ஆட்டம் என்றால், வேலை கிடைக்காதவள் இருபத்திரண்டு வயதில் பந்தை மூலையில் வைத்து விடுவாள். வேலை கிடைத்தவளுக்கோ பந்தோபஸ்து டூட்டிக்கும் பயிற்சிக்கும் இடையே இழுபறி. ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள முடியாதா?

வருஷத்தில் பதினான்கு ஆட்டம்

இதற்கு விடை காணக் கணக்குப் பார்க்க வேண்டும். 2019ல் லூதியானாவில் நடந்த லீக், மே 5ந் தேதி தொடங்கி 22ந் தேதி முடிந்தது. பதினெட்டு நாள். பெண்கள் கால்பந்தின் முழு வருஷ "சீசன்" அவ்வளவுதான். இப்போது நிலைமை முன்னேறியிருக்கிறது. 2024-25 லீகில் எட்டு அணிகள். தன் ஊரில் ஒரு முறை, எதிரி ஊரில் ஒரு முறை என்று ஒவ்வொரு அணியும் 14 ஆட்டம் ஆடியது. ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்தியப் பெண்களுக்காவது வருஷத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் தரவேண்டும் என்று சம்மேளனம் 2023ல் விதி செய்தது. மாதத்துக்கு 26 ஆயிரத்துச் சொச்சம். மோசமில்லை, ஆனால் அது எட்டுக் கிளப்புகளில் பத்துப் பத்துப் பேருக்குத்தான். இந்தியா முழுவதற்கும் எண்பது பேர்.

அந்த எட்டுக் கிளப்புகளில் கடலூர்க் கிளப் இல்லை. சேது இருந்தது. லீக் வளர வளர, ஊர் ஊராகப் பிரயாணம் செய்ய வேண்டியிருக்கிறது. ஹோட்டல் செலவு, ரயில் செலவு, விமானச் செலவு. வெளிநாட்டு ஆட்டக்காரிகளையும் அழைத்து வருகிறார்கள். பணம் உள்ள ஊர்களுக்குத்தான் இது கட்டும். ஆகவே நல்ல பெண்களை உருவாக்குவது கடலூர். அவர்களை ஆட வைத்துப் பட்டம் வாங்குவது மதுரை, கோழிக்கோடு, கல்கத்தா. நாற்று விடுகிற ஊர் ஒன்று, அறுவடை செய்கிற ஊர் வேறு. நாற்றுக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. ஆண்கள் ஆட்டத்தில், ஒரு வீரன் விலை போனால் அவனைச் சிறுவயதில் பழக்கிய கிளப்புக்குப் பங்கு உண்டு என்பது உலக விதி. பெண்கள் விஷயத்தில் விலையே பெரிதாக இல்லாதபோது பங்குக்கு எங்கே போவது?

இதற்கிடையில் மேலே இருக்கும் பெரிய மரமே ஆட்டம் கண்டது. இந்தியக் கால்பந்தின் வியாபார உரிமை 2010ல் பதினைந்து வருஷத்துக்கு ஒரு பெரிய கம்பெனிக் கூட்டுக்கு விடப்பட்டிருந்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ந் தேதி முடிந்தது. அடுத்து என்ன என்று தெரியாமல் சூப்பர் லீக் குறித்த காலத்தில் தொடங்கவில்லை. 2025 ஆகஸ்டிலேயே சென்னையின் எப்.சி. தன் முதல் அணி வேலைகளை நிறுத்தி வைத்தது. ஏலம் கூப்பிட்டார்கள், கேட்க ஆள் வரவில்லை. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி ரூபாய் வந்து கொண்டிருந்த வாய்க்கால் அது. பெண்கள் லீகை நடத்துவதும் அதே சம்மேளனம்தான். தலைமடையில் தண்ணீர் குறைந்தால் கடைமடைக்கு என்ன வரும் என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை குழப்பத்துக்கும் நடுவே பெண்கள் அணி மட்டும் தன் வேலையைச் செய்து முடித்தது. 2025 ஜூலை 5ந் தேதி தாய்லாந்து நாட்டை அதன் மண்ணிலேயே 2-1 என்று ஜெயித்து, 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது.

தென்கோடியில்

கடலுக்கும் பந்துக்கும் உள்ள நேசம் கடலூரோடு முடிவதில்லை. கன்னியாகுமரி ஜில்லாவில், கேரள எல்லையை ஒட்டித் தூத்தூர் வட்டாரம் என்று எட்டு மீனவர் கிராமங்கள் இருக்கின்றன. ஆழ்கடலில் மாதக் கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள். அவர்களுக்குக் கால்பந்து உயிர். மைக்கேல் சூசைராஜ், அவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜின் இருவரும் அந்தக் கரையில் இரவிபுத்தன்துறை என்ற ஊரிலிருந்து கிளம்பித் தேசிய லீக் வரை போனவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அதிகமாகப் பலி கொடுத்த கரை அது. புயல் எச்சரிக்கை வந்தபோது படகுகள் கடலுக்குள் எங்கோ இருந்தன.

அங்கே ஆண் பிள்ளைகள் மணலில் ஆடி வளர்கிறார்கள். மணலில் ஓடுபவன் காலுக்குப் புல் தரை லேசாக இருக்கும் என்பார்கள். ஆனால் அந்தக் கிராமங்களிலிருந்தும் சூசைராஜ்களின் பெயர்தான் வெளியே வந்திருக்கிறதே ஒழிய, அவர்களை வளர்த்த ஊர்க் கிளப்புகளின் பெயர் வரவில்லை. 2020 நவம்பரில் முழங்காலில் அடிபட்டுச் சூசைராஜ் அந்த சீசன் முழுவதும் வெளியே உட்கார நேர்ந்தது. அதிலிருந்து ஊர்ப் பையன்கள் தெரிந்து கொண்ட விஷயம், ஒரு காலை நம்பி ஒரு குடும்பம் எத்தனை நாள் நிற்க முடியும் என்பது. கடலூர்ப் பெண்கள் போலீஸ் உடுப்பை ஏன் விடுவதில்லை என்பதற்கும் அதுதான் காரணம்.

இனி வரும் பெண்கள்

சுனாமியின்போது ஐந்தாறு வயதாக இருந்த குழந்தைகள் இன்று இருபத்தைந்தைத் தாண்டி விட்டார்கள். அந்த இல்லங்களைத் தேடி வந்த முதல் தலைமுறை படித்து, வேலைக்குப் போய், பலர் கல்யாணமும் செய்து கொண்டு விட்டார்கள். அதாவது, ஒரே மணிக்குப் பதினொரு பேரைத் திடலில் கொண்டு வந்து நிறுத்திய அந்தப் பழைய சூழ்நிலை இனி இல்லை; இருக்கவும் வேண்டாம். இனிமேல் அந்த வேலையை யார் செய்வது என்பதுதான் கடலூர்க் கால்பந்தின் முன்னால் நிற்கும் கேள்வி.

பள்ளிக்கூடம் செய்யலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் திடல், ஒரு உடற்பயிற்சி ஆசிரியை, வீட்டுக்குத் திரும்ப பஸ் வசதி என்று ஏற்பாடு செய்தால் இல்லம் செய்த காரியத்தைப் பள்ளிக்கூடமே செய்து விடும். மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்தக் காலத்தில் கோடை விடுமுறையும் சேர்ந்து வருகிறது. கரைக் கிராமங்களுக்கு இடையே பெண்களுக்கென்று ஒரு சிறு லீக் நடத்த இதைவிட நல்ல காலம் கிடையாது. தகப்பன்மார் ஊரிலேயே இருப்பார்கள். ஆட்டத்தைப் பார்க்க வேறு வேலையும் இருக்காது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் ஜில்லாதோறும் நடக்கின்றன; அவை சில நாள் திருவிழா. திருவிழா முடிந்த பிறகு வருஷத்தில் மீதியுள்ள நாட்களுக்கும் பந்து வேண்டும்.

திடலும் வேண்டும். கடலூரில் மழைக் காலம் வந்தால் திடல்கள் குளமாகி விடுகின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை பயிற்சி அடிக்கடி நின்று போகும். தேசியப் போட்டிகளுக்குத் தயார் செய்ய வேண்டிய மாதங்களும் அவைதான். ஒரு திடலையாவது மேடு தூக்கி, வடிகால் அமைத்து, இரவு விளக்கும் போட்டு, பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கினால் செலவு பெரிதல்ல. ஒரு சிறு பாலத்தின் மதிப்பீட்டுக்குள் அடங்கிவிடும்.

அடி அண்ணாமலை போன்ற உள்நாட்டுக் கிராமங்களுக்கு இதிலிருந்து என்ன என்று கேட்கலாம். அங்கேயும் சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடுகிறது. அங்கேயும் பெண்களுக்குத் தண்ணீர்க் குடமும் தம்பியும் இருக்கிறார்கள். கடலூரில் பந்து உருள ஒரு பிரளயம் தேவைப்பட்டது.

ஒவ்வொரு டிசம்பர் 26ந் தேதியும் தேவனாம்பட்டினம் கரையில் ஜனங்கள் கூடுகிறார்கள். பெண்கள் பாலை எடுத்து வந்து கடலில் ஊற்றுகிறார்கள், பூ தூவுகிறார்கள், சிலர் பெயர் சொல்லி அழுகிறார்கள். சுனாமியைப் பார்த்திராத குழந்தைகள் சற்றுத் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். வெயில் ஏறியதும் கூட்டம் கலைகிறது. மணல் காலியானவுடன் பிள்ளைகள் செருப்புகளை நட்டு இரண்டு பக்கமும் கோல் போடுகிறார்கள்.